கல்லீரல் புற்றுநோய்க்கு மருந்து தொடங்கும்போது ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கல்லீரல் புற்றுநோய்க்கு மாத்திரையோ, நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியோ தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோர் மனதிலும் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த மருந்து இவருக்குக் கேட்குமா? டாக்டரிடம் கேட்டால், "ஆரம்பிப்போம், இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தை ஓட்டுவது லேசான காரியமில்லை. கையில் இருப்பது லேப் ரிப்போர்ட் மட்டும். ராத்திரி போனில் வந்து விழும் அந்தத் தாளில் தடித்த எழுத்தில் ஒரு எண், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அதைப் பார்த்த பிறகு தூக்கம் வராது. எண் இறங்கியிருந்தால் வீடே சந்தோஷப்படும், ஏறியிருந்தால் நோயாளியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறும். இந்த எண்களில் எதற்காக நெஞ்சு பதற வேண்டும், எதை விட்டுத் தள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லித் தர ஆள் இல்லாமல் தனியாகத் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். குடும்பக் கதை எதுவும் இதில் இல்லை. சிகிச்சை எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில், ஒவ்வொரு கட்டத்திலும் பணமும் நாளும் எங்கே வீணாகின்றன, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில், மருந்து தொடங்குவதற்கு முந்தைய ரத்தம். முதல் டோஸுக்கு முன்னால், முடிந்தால் அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் எடுக்கிற ரத்தம்தான் பின்னால் வருகிற எல்லா எண்களுக்கும் அளவுகோல். இதைத் தவறவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? நோய் கண்டுபிடித்தபோது ஏஎஃப்பி பார்த்திருப்பார்கள் (கல்லீரல் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் அடையாளப் புரதம், பின்னால் விவரமாகச் சொல்கிறேன்). அதற்குப் பிறகு ஸ்கேன், இரண்டாவது அபிப்பிராயம், ரத்தக் குழாய் வழியாகக் கட்டிக்கே மருந்து செலுத்தும் டேஸ் சிகிச்சை என்று இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். பழைய ஏஎஃப்பி இருக்கிறதே என்று புதிதாக எடுக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்கும். அது டேஸால் குறைந்ததா, மாத்திரையால் குறைந்ததா? யாராலும் சொல்ல முடியாது. டேஸால் நன்றாக இறங்கிய எண் மாத்திரை தொடங்கிய பிறகு மெல்ல ஏறிக்கொண்டு இருந்திருக்கவும் கூடும். அப்படியானால் கேட்காத மருந்தைக் கேட்கிறது என்று நம்பி, பக்க விளைவுகளையும் தாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் போயிருக்கும். அதனால் முதல் டோஸுக்கு முன்னால் புதிதாக ஒரு ஏஎஃப்பி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சாதாரணப் பரிசோதனைதான், பெரும்பாலான லேப்களில் செய்வார்கள்.

அதே ஊசியில் இன்னும் என்னென்ன எடுக்க வேண்டும்? வெள்ளையணு வகை பிரித்த முழு ரத்த எண்ணிக்கை, பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) அல்புமினும் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்) சேர்ந்த கல்லீரல் பரிசோதனை, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி. வசதி இருந்தால் கல்லீரல் புற்றுநோயின் இன்னொரு ரத்த அடையாளமான பிவ்கா-2. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி-யில் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். ஆன்டிஜென் பாசிடிவ் என்றால் வைரஸ் அளவையும் எடுத்து, என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்குவார்கள். இம்யூனோதெரபி என்றால் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், காலை நேர கார்டிசால். கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தையும் சேர்க்கிறார்கள் என்றால் சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், உணவுக்குழாய் நாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க என்டோஸ்கோபி. கடைசியாகச் சொன்னவை மருந்து கேட்குமா என்பதைச் சொல்வதற்காக இல்லை, மருந்து ஆபத்தாக மாறாமல் இருப்பதற்காக. ஆனாலும் இதே சமயத்தில் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டோஸ் போட வேண்டிய நாளன்று "என்டோஸ்கோபி எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். புற்றுநோய்க்காரர் வீட்டில் ஒரு வாரம் தள்ளிப்போவது என்பது என்ன மாதிரி வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இனி ஏஎஃப்பி. கருவில் இருக்கும்போது கல்லீரல் சுரக்கிற புரதம் இது, பிறந்த பிறகு அடங்கிவிடும். கல்லீரல் புற்றுநோய் செல்கள் பலவற்றில் மறுபடி சுரக்கத் தொடங்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலான லேப்களில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குள் இருந்தால் இயல்பு. கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இது ஏறுவதே இல்லை. அவர்களுக்கு இந்த எண்ணை வைத்து மருந்தை மதிப்பிட முடியாது. இன்னொரு பக்கம், புற்றுநோய் ஏறாமலேயே ஹெபடைடிஸ் கிளர்ந்தெழுந்தால் ஏஎஃப்பி ஏறும். வைரஸ் மருந்து தொடங்கியதும் கல்லீரல் அழற்சி தணிந்து, ஏஎஃப்பியும் தானாகக் கொஞ்சம் இறங்கும். புற்றுநோய் மருந்தும் வைரஸ் மருந்தும் ஒரே வாரத்தில் தொடங்கியவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஆரம்பத்தில் தெரிகிற சின்ன இறக்கத்தை முழுக்கப் புற்றுநோய் மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஏஎஃப்பி விஷயத்தில் மனிதர்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் அளவு அலகும் லேப் மாற்றமும்தான். சில லேப்கள் நானோகிராமில் தரும், சில சர்வதேச யூனிட்டில் தரும். 1 யூனிட் என்பது ஏறத்தாழ 1.21 நானோகிராம். ஒரு லேபில் 400 நானோகிராம் என்று வந்ததும் இன்னொரு லேபில் 330 யூனிட் என்று வந்ததும் ஒன்றேதான். இதை அறியாமல் "எழுபது குறைந்திருக்கிறது" என்று சந்தோஷப்படுகிறார்கள், அடுத்த முறை பழைய லேபுக்கே போய் "திரும்ப ஏறிவிட்டது" என்று உடைந்து போகிறார்கள். அலகு ஒன்றாகவே இருந்தாலும் கருவியும் கிட்டும் வேறானால் எண் வேறாகும். எனவே முதல் ரத்தத்தை எந்த லேபில் கொடுத்தீர்களோ கடைசி வரை அதே லேப். சந்தேகம் தீரவில்லை என்று ஒரே வாரத்தில் மூன்று லேபில் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது மூன்று வேறு எண்களும் அதைவிடப் பெரிய சந்தேகமும்தான்.

பயோட்டின் என்கிற விட்டமின் பற்றியும் சொல்ல வேண்டும். முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது என்று 5, 10 மில்லிகிராம் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஏஎஃப்பி, டிஎஸ்ஹெச் போன்றவற்றை அளக்கிற சில கிட்கள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் இந்த எண்கள் பொய்யாகக் குறைந்து காட்டும். ஏஎஃப்பி இறங்கிவிட்டது என்று நம்பவைத்து ஏமாற்றும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், லேபிலும் சொல்லுங்கள். ஏஎஃப்பி மிக மிக அதிகமாக இருக்கிறவர்களுக்கு அபூர்வமாக இன்னொரு பொய்யும் வரும்: அளவு கிட்டின் எல்லையைத் தாண்டிப்போனால் கருவி திணறிக் குறைவாகக் காட்டும். போன மாதம் லட்சத்தைத் தொட்ட எண் இந்த மாதம் சில நூறு, ஆனால் வயிற்றில் கட்டி அப்படியேதான் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால், மாதிரியை நீர்த்து மறுபடி பார்க்கும்படி லேபைக் கேட்க வேண்டும்.

ஏஎஃப்பிக்கு நாம் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது அல்புமினுக்கும் பிலிருபினுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த நோயில் இரண்டு நோய்கள் ஒன்றாக இருக்கின்றன: கட்டி ஒன்று, பெரும்பாலும் அதற்கு முன்பே சுருங்கிப்போன கல்லீரல் ஒன்று. கட்டி மருந்துக்குக் கேட்டாலும் கல்லீரல் தாங்காவிட்டால் மருந்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். 2008-இல் வெளியான சோராஃபெனிப் மாத்திரை ஆய்விலிருந்து 2020-இல் அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியையும் பெவாசிசுமாபையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு வரை பெரிய ஆய்வுகளெல்லாம் கிட்டத்தட்ட முழுக்க சைல்ட்-பக் ஏ பிரிவு, அதாவது கல்லீரல் இன்னும் நன்றாக வேலை செய்கிறவர்களை வைத்தே நடந்தவை. விளம்பரத்தில் பார்க்கும் பலன்கள் அவர்களுக்குக் கிடைத்த பலன்கள்.

கல்லீரலின் தாங்கு சக்தியை இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறைக்கு அல்பி என்று பெயர். 2015-இல் வந்தது. பிலிருபினை மைக்ரோமோலுக்கு மாற்றி, 10-ஐ அடியாகக் கொண்ட அதன் லாகரிதத்தை 0.66-ஆல் பெருக்கி, அதிலிருந்து லிட்டருக்கு கிராமில் உள்ள அல்புமினை 0.085-ஆல் பெருக்கிய தொகையைக் கழிக்க வேண்டும். நம் ரிப்போர்ட்டில் பிலிருபின் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் இருந்தால் 17.1-ஆல் பெருக்குங்கள், அல்புமின் டெசிலிட்டருக்கு கிராமில் இருந்தால் 10-ஆல் பெருக்குங்கள். விடை மைனஸ் 2.60 அல்லது அதற்கும் கீழே என்றால் முதல் தரம், மைனஸ் 1.39 வரை இரண்டாம் தரம், அதற்கு மேலே மூன்றாம் தரம். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். தொடக்கத்தில் பிலிருபின் 1.2, அல்புமின் 3.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை மைனஸ் 2.19. சில மாதம் கழித்து பிலிருபின் 1.8, அல்புமின் 3.1. விடை மைனஸ் 1.65. இதையே சைல்ட்-பக் முறையில் பார்த்தால், வயிற்று நீரும் மனக்குழப்பமும் இல்லாமல் ஐஎன்ஆரும் நன்றாக இருந்தால், ஐந்தாக இருந்த புள்ளி ஆறாகியிருக்கும், அவ்வளவுதான். இப்போதும் ஏ பிரிவுதான். "எல்லாம் அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அல்பி கணக்கு கல்லீரல் சரிந்துகொண்டிருப்பதைக் காட்டிவிட்டது. மருந்தின் அளவைக் குறைப்பதா, சத்துணவில் கவனம் வைப்பதா, நோய்த்தொற்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதா என்று டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் இதுதான், மஞ்சள் காமாலை கண்ணில் தெரியும்போது இல்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. வயிற்று நீரை வெளியே எடுத்தால், கூடவே நரம்பு வழியாக அல்புமின் ஏற்றுவார்கள். அதற்கு அடுத்த நாட்களில் ரத்தம் எடுத்தால் அல்புமின் நன்றாகக் காட்டும், அது கல்லீரல் தயாரித்தது இல்லை. ரிப்போர்ட்டின் ஓரத்தில் "அல்புமின் ஏற்றியது" என்று தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். அதேபோல ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்களுக்கு ஐஎன்ஆர் ஏறுவது மருந்தால் ஏறுவது, கல்லீரலை அதை வைத்து எடைபோட முடியாது.

இப்போது எல்லோரும் குழம்பும் இடத்துக்கு வருகிறேன். ஒரு ரத்த அடையாளம் இரண்டு வகையில் பேசும். ஒன்று, இந்த நோய் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று சொல்வது. எந்த மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது பொருந்தும். இன்னொன்று, இந்தக் குறிப்பிட்ட மருந்து இந்த நோயாளிக்குக் கூடுதலாகக் கேட்கும் என்று சொல்வது. நாம் தேடுவது இரண்டாவது. ரிப்போர்ட்டுகளில் கிடைப்பதோ பெரும்பாலும் முதலாவது. ஏஎஃப்பி ஆயிரக்கணக்கில் இருந்தால் நோய் வேகமானது என்று பொருள். எந்த மருந்தும் கேட்காது என்று பொருள் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல், தொடக்கத்திலேயே எண்ணைப் பார்த்து மனம் விட்டுப்போய் சிகிச்சையையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. நினைத்தால் வயிறு எரிகிறது. சோராஃபெனிப் ஆய்வில் சேர்ந்தவர்களின் ரத்தத்தை எடுத்து, ரத்தக் குழாய்களை வளர்க்கிற விஇஜிஎஃப், ஆஞ்சியோபொயட்டின்-2 போன்றவற்றை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். அவை அதிகம் இருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. ஆனால் சோராஃபெனிப் யாருக்குக் கேட்கும் என்பதை அவற்றில் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மருந்து தடுப்பதே விஇஜிஎஃப் பாதையைத்தான், அப்படியிருந்தும்.

ரத்தத்தில் உள்ள ஒரு எண்ணை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பெரிய ஆய்வில் நிரூபணமானது ராமுசிருமாப் என்ற மருந்து விஷயத்தில்தான். அதன் முதல் ஆய்வு 2015-இல் வெளியானபோது மொத்த நோயாளிகளில் பலன் தெரியவில்லை. ஆனால் ஏஎஃப்பி 400 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்து இரண்டாவது ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். சோராஃபெனிப் எடுத்துப் பலனில்லாமலோ தாங்க முடியாமலோ போனவர்கள் அவர்கள். மருந்து எடுத்தவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுட்காலம் 8.5 மாதம், எடுக்காதவர்களுக்கு 7.3 மாதம். வித்தியாசம் பெரிதில்லை, அதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் ஏஎஃப்பி 400-க்குக் கீழே இருக்கும் ஒருவருக்கு அந்த மருந்தைச் சொன்னால், ஏன் என்று கேட்கிற உரிமையை இந்த ஆய்வு உங்களுக்குத் தருகிறது.

சிஆர்பி, வெள்ளையணு விகிதம் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இம்யூனோதெரபி எடுக்கப்போகிறவர்களுக்காக 2022-இல் க்ராஃபிட்டி என்று ஒரு எளிய கணக்கு வந்தது. ஏஎஃப்பி 100 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு புள்ளி, சிஆர்பி டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு புள்ளி. பூஜ்யம் வாங்கியவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள், இரண்டு வாங்கியவர்கள் குறைந்த காலம். சோராஃபெனிப் எடுத்தவர்களிலும் இந்தப் புள்ளிக்கேற்ப ஆயுட்காலம் மாறியது. எனவே இதுவும் பெரும்பாலும் நோயின் போக்கைச் சொல்கிற கணக்குதான். இரண்டு புள்ளி வந்துவிட்டது என்பதற்காக இம்யூனோதெரபியை மறுக்க இது ஆயுதமாகக் கூடாது. இதில் எல்லோரும் விழுகிற குழி அலகு. பல லேப்கள் சிஆர்பியை லிட்டருக்கு மில்லிகிராமில் தருகின்றன. க்ராஃபிட்டியின் 1 அங்கே 10. ரிப்போர்ட்டில் 6 என்று பார்த்து, ஒன்றைப் போல ஆறு மடங்கு என்று கலங்கினால் அது வீண் கலக்கம், உண்மையில் அது 0.6, புள்ளியே கிடையாது.

சிஆர்பி எதற்கும் ஏறும். பித்தக் குழாய்த் தொற்று, வயிற்று நீரில் தொற்று, பல்லில் சீழ், சாதாரணக் காய்ச்சல் எல்லாமே ஏற்றிவிடும். எனவே காய்ச்சல் உள்ள வாரத்தில் எடுத்த சிஆர்பியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தொற்றைச் சரிசெய்து, பிறகு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையணு வகைகளில் நியூட்ரோபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்தால் வரும் விகிதமும் இப்படித்தான். ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 72 சதவீதம், லிம்ஃபோசைட் 18 சதவீதம் என்றால் விகிதம் 4. ஏறிய விகிதம் மோசமான போக்கோடு சேர்ந்து வருகிறது என்று ஏராளமான ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எந்த எண்ணில் கோடு போடுவது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஸ்டீராய்டு எடுத்தால் நியூட்ரோபில் ஏறி லிம்ஃபோசைட் இறங்கும், விகிதம் தாறுமாறாகும். வாந்திக்காகவோ ஒவ்வாமைக்காகவோ டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு போட்ட மறுநாள் எடுத்த ரத்தத்தில் இந்த விகிதத்தைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

மருந்து தொடங்கியாயிற்று. இனி எப்போது ஏஎஃப்பி பார்ப்பது? ரத்தத்தில் ஏஎஃப்பி பாதியாகக் குறைய ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். கட்டி சுரப்பதை இன்றே முழுக்க நிறுத்திவிட்டாலும் ஒரு வாரத்தில் பாதிதான் இறங்கும். அதனால் வாரா வாரம் பார்ப்பது மனசைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. மூன்று வார சைக்கிள் என்றால் சைக்கிளுக்கு ஒருமுறை போதும். கவனமாகப் பார்க்க வேண்டியது ஆறாவது வாரம். அட்டெசோலிசுமாப்-பெவாசிசுமாப் எடுத்தவர்களில், தொடக்கத்தில் ஏஎஃப்பி 20 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தவர்களை வைத்துப் பார்த்தபோது, ஆறாவது வாரத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கக்கூடும்.

எண்ணில் சொல்கிறேன். தொடக்கத்தில் 1,200. மூன்றாவது வாரம் 1,050. ஆறாவது வாரம் 280. இது 77 சதவீத இறக்கம், நல்ல செய்தி. ஆறாவது வாரம் 1,300 என்று வந்தால் 8 சதவீத ஏற்றம்தான். இது தோல்வி இல்லை, ஸ்கேன் வரை காத்திருக்கலாம். 2,600 என்று வந்தால், இரட்டிப்பாகிவிட்டது. எட்டு, ஒன்பது வாரத்தில் வைத்திருந்த ஸ்கேனை முன்னால் இழுக்க முடியுமா என்று அன்றைக்கே கேளுங்கள். இங்கே மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வில் மருந்து நன்றாகக் கேட்டவர்களில் நூறுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு ஏஎஃப்பி 75 சதவீதம் இறங்கவே இல்லை. 75 இறங்கினால் நம்பிக்கை கொள்ளலாம். இறங்கவில்லை என்பதற்காக நம்பிக்கையை விட வேண்டியதில்லை. ஏஎஃப்பியை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தச் சொல்லி டாக்டரை நெருக்கினால், கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தையே கைநழுவ விடக்கூடும். இந்த 75 என்ற கோடு அந்த மருந்துச் சேர்க்கைக்குப் பார்த்தது. லென்வாட்டினிப் மாத்திரை எடுக்கிறவர்கள் அதே கோட்டை அப்படியே தூக்கித் தங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிவ்கா-2 பார்க்கிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பின் முழுமையாக உருவாகாமல் அரைகுறையாக வெளியே வருவதுதான் இது. மில்லிலிட்டருக்கு 40 மில்லி-யூனிட் வரை இயல்பு என்று பெரும்பாலும் கொள்கிறார்கள். ஏஎஃப்பி இயல்பாக இருக்கிறவர்களில் பலருக்கு இது ஏறியிருக்கும் என்பதால் அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் விட்டமின் கே குறைந்தாலே இது ஏறும். வார்ஃபரின், நீண்ட நாள் ஆன்டிபயாடிக், பித்தக் குழாய் அடைப்பு எல்லாமே ஏற்றிவிடும். விட்டமின் கே ஊசி போட்டால் இறங்கும். அந்த ஊசி போட்ட தேதியைக் குறித்து வைக்காவிட்டால், ஊசியால் வந்த இறக்கத்தை மருந்தின் வெற்றியென்று எடுத்துக்கொள்வோம். இன்னொன்று, ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கிற மருந்துகள் கட்டிக்குப் போகும் பிராணவாயுவைக் குறைக்கும்போது, கட்டி பிவ்காவைக் கூடுதலாகச் சுரக்கும் நிலையும் உண்டு. சோராஃபெனிப், லென்வாட்டினிப் தொடங்கிய முதல் வாரங்களில் பிவ்கா ஏறி, ஏஎஃப்பி இறங்கி, ஸ்கேனில் கட்டிக்குள் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்றால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து ஏறினால் அது வேறு கதை.

இம்யூனோதெரபியில் கல்லீரல் என்சைமான ஏஎல்டி (எஸ்ஜிபிடி என்றும் எழுதியிருப்பார்கள்) திடீரென்று எழும்பினால் கட்டி பெருத்துவிட்டது என்றே முதலில் தோன்றும். பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். நோய் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்குவது ஒன்று, ஹெபடைடிஸ் பி கிளர்ந்தெழுவது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் தலைகீழ்: ஒன்றுக்கு ஸ்டீராய்டு, மற்றொன்றுக்கு வைரஸ் மருந்து. அதனால்தான் தொடக்கத்தில் பி வைரஸ் பரிசோதனையை அவ்வளவு வலியுறுத்தினேன். ஏஎல்டி இயல்பு வரம்பைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால், தொடக்கத்திலேயே ஏறியிருந்தவர்களுக்கு அந்தத் தொடக்க எண்ணிலிருந்து பெரிதாக ஏறினால், அடுத்த டோஸுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள். கண் மஞ்சளாவது, பேச்சு குழறுவது, பகல் முழுக்கத் தூங்குவது, கறுப்பாக மலம் போவது இவையும் அப்படியே. இவற்றுக்கு எந்த எண்ணும் வேண்டாம். அசதி அதிகமாகிக்கொண்டே போனால் டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டு மந்தமாவது இந்த மருந்துகளில் சகஜம், மாத்திரையால் சரியாகும். நோய் முற்றியதால் வந்த அசதி என்று நினைத்து நோயாளியைக் கட்டிலோடு விட்டுவிடுகிறார்கள், அது மனசை அறுக்கிற விஷயம்.

கடைசியாக, விலை உயர்ந்த பரிசோதனைகள். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கிறோம், நூற்றுக்கணக்கான ஜீன்களைப் பார்க்கிறோம் என்று சொல்வார்கள். ஆராய்ச்சியில் இது முக்கியமான துறை, நாளைக்குப் பயன் தரும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் கல்லீரல் புற்றுநோயில் அதிகம் தென்படும் மாற்றங்கள் டெர்ட், டிபி53, பீட்டா-கேட்டெனின் ஜீன்களில் வருபவை. இவற்றில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலும், அதைக் குறிவைத்து வழக்கமாகக் கொடுக்கிற மருந்து இன்றைக்கு இல்லை. பீட்டா-கேட்டெனின் மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி கேட்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது, ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அதை நம்பி மருந்தைத் தவிர்ப்பது சரியில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இதில் இப்படி வந்தால் எந்த மருந்து கொடுப்பீர்கள், அப்படி வந்தால் எந்த மருந்து?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், அந்தப் பணத்தை அடுத்த ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வில் சேர்த்துக்கொண்டு இலவசமாக எடுக்கிறார்கள் என்றால் அது வேறு, தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குறுக்கே தேதிகள். கீழே ஏஎஃப்பி, பிவ்கா, பிலிருபின், அல்புமின், ஏஎல்டி, ஐஎன்ஆர், சிஆர்பி, நியூட்ரோபில், லிம்ஃபோசைட், உடல் எடை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலகு. அடியில் ஒரு வரி காலியாக விட்டு, அந்த வாரம் காய்ச்சல் வந்ததா, ஸ்டீராய்டு போட்டதா, அல்புமின் ஏற்றியதா, விட்டமின் கே போட்டதா, மருந்து எத்தனை நாள் விடுபட்டது என்று எழுதுங்கள். டாக்டருக்கு உங்களோடு செலவிடக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். போனில் இருக்கும் இருபது ரிப்போர்ட்டுகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினால் அந்த நிமிடங்கள் அதிலேயே போய்விடும். ஒரு பக்கத்தில் எல்லாம் இருந்தால் அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மருந்தை மாற்றுகிறார்கள் என்றால், பழைய தொடக்க எண்ணைத் தூக்கி வைத்துவிட வேண்டும். புதிய மருந்தின் முதல் டோஸுக்கு முன்னால் அதே லேபில், அதே பட்டியலில் புதிதாக ரத்தம் எடுத்து, நோட்டில் புதுப் பக்கம் தொடங்குங்கள். பல இடங்களில் மருந்து மாற்றும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள், எனவே மருந்துச் சீட்டு எழுதும்போதே நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.